"கால் கொஞ்சம் பிடிச்சிருக்கு!"

ஷிப்ட் முடிந்து நேரே ஃபுட்சால் ஆடப் போகும் நம் செனாய்ப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். முட்டியில் அடி என்றால் ஊருக்கே சொல்வார்கள். தொடையும் அடிவயிறும் சேரும் இடத்தில் வலி என்றால் மட்டும், "கால் கொஞ்சம் பிடிச்சிருக்கு" என்று மழுப்புவார்கள். பிறகு இறுக்கமான அரைக்கால்சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கும் கிளம்பிவிடுவார்கள்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ராவை 2024இல் படாதபாடு படுத்தியது இந்த வலிதான். மே மாதம் ஒஸ்ட்ராவா போட்டியிலிருந்து விலகினார். ஆகஸ்ட் 8, பாரிஸ் ஒலிம்பிக் இறுதிச் சுற்று. ஆறு முயற்சிகளில் ஒன்றுதான் செல்லுபடியானது: 89.45 மீட்டர், வெள்ளி. எறியும்போதும் கவனம் காயத்தின் மேலேயே இருக்கிறது என்று உலகறியச் சொன்னார் மனுஷர்.

உள்தொடைத் தசைகள் இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் பற்றியிருக்கின்றன. பந்தை உதைத்தாலும், கபடியில் காலை நீட்டினாலும் இழுப்பு அங்கேதான்.

கடையில் கிடைக்கும் உடைகளைப் பலர் ஒன்றென்றே நினைக்கிறார்கள். 'சப்போர்ட்டர்' ஆணுறுப்பையும் விரைகளையும் தாங்குவதற்கு. 1874இல் அமெரிக்காவில் சைக்கிள் ஓட்டிகளுக்காக வந்தது. தசைக் காயத்துக்கு அது உதவாது. 'கம்ப்ரஷன்' கால்சட்டை தொடையை அணைத்துப் பிடிக்கும். இடுப்பு பெல்ட் இடுப்பெலும்புகளைச் சேர்த்து இறுக்கும். ஆண், பெண் இருவருக்கும் உண்டு. இவற்றைப் போட்டதும் சிலருக்கு வலி குறைவது உண்மை. கால் மரத்தாலோ தோலில் ஆழமாகத் தடம் பதிந்தாலோ, அளவு தப்பு.

ஆனால், வலி குறைந்ததாலேயே காயம் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. 1999இல் டென்மார்க்கில், நாள்பட்ட உள்தொடை வலி இருந்த 68 விளையாட்டு வீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தசையை வலுவாக்கும் பயிற்சி; இன்னொன்றுக்கு மசாஜ், லேசர் போன்ற சிகிச்சை. வலியில்லாமல் பழையபடி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் பயிற்சிக் குழுவில் 23 பேர், மற்றதில் 4 பேர்தான். பயிற்சி எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடித்தது. நம் ஆட்களுக்கு அந்தப் பொறுமைதான் பெரிய சோதனை! முழங்கால்களுக்கு நடுவே பந்தை வைத்து அழுத்துவதுதான் தொடக்கம். மற்றதைப் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இருமும்போது அந்த இடத்தில் வீக்கம் தள்ளினால் அது குடலிறக்கமாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். வீட்டில் விடலைப் பையன் இருந்தால் இதையும் சொல்லிவையுங்கள்: விரையில் திடீரென்று கடும் வலி வந்தால், அடிபடாவிட்டாலும், அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. நடுராத்திரி என்றாலும் கூலாய் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். விடியட்டும் என்று படுத்திருந்தால் விரையையே இழக்க நேரலாம்.