கவசந் தரித்த கத்தரீன்

ஆங்கில அரசன் எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி கத்தரீனைப் பற்றி 2019, 2020ஆம் ஆண்டுகளில் ஒளிபரப்பான "ஸ்பானிய இளவரசி" என்னுந் தொலைக்காட்சி நாடகத்தில், அவ்வரசி கர்ப்பிணிக்கென வடித்த இரும்புக் கவசம் பூண்டு புளொடன் போர்க்களத்திற் புகுந்து வாள் சுழற்றுகின்றாள். பெண்மையின் பெருமையைக் காட்டவே இக்காட்சி அமைந்ததென்பர். அந்நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆயின், காட்சி அவள் பெருமையைக் கூட்டியதா, குறைத்ததா என்பதே நம் வினா.

நடந்தது யாது? 1513இல் ஹென்றி பிரான்சின்மீது படையெடுத்துச் சென்றபோது நாட்டின் ஆட்சிப் பொறுப்பைக் கத்தரீனிடமே ஒப்புவித்தான். அவ்வேளை பார்த்து ஸ்கொத்லாந்து மன்னன் நாலாம் ஜேம்ஸ் எல்லை கடந்தான். ஆள் திரட்டவும், ஆணைகளில் ஒப்பமிடவும், வடக்கே தளவாடம் அனுப்பவும் அரசியே நின்றாள். கொடிகளும் சின்னங்களும் ஆயத்தஞ் செய்வதில் மூழ்கியிருப்பதாக உல்சிக்குக் கடிதம் எழுதினாள். களத்திற் படை நடத்தியவன் சரேப் பிரபு. செப்டெம்பர் 9ஆந் திகதி ஜேம்ஸ் வெட்டுண்டு வீழ்ந்தபோது கத்தரீன் 200 மைல்களுக்கும் அப்பால், தெற்கே இருந்தாள். மாண்ட மன்னனின் மேலங்கியைப் பிரான்சிலிருந்த கணவனுக்கு அனுப்பிவைத்தவளும் அவளே!

படைக்குச் சோறும் சம்பளமும் எங்கிருந்து வருகின்றன என்று இத்தகைய நாடகங்கள் கேட்பதேயில்லை. நெல் விளைவிப்போரும் கந்தோரிற் கணக்கெழுதுவோரும் அக்கேள்வியின் பாரத்தை அறிவர். கத்தரீன் செய்த வேலை அதுதான். அதனை மறைத்து, அவள் ஏந்தாத வாளை அவள் கையில் திணிப்பானேன்? ஆண்மகன் செய்வதைச் செய்தாலன்றிப் பெண்ணுக்கு வீரமில்லை என்னும் பழைய எண்ணமன்றோ இங்கு புது வேடம் புனைந்து வருகின்றது?

ஒன்றைப் பாராட்டவும் வேண்டும். ஸ்பெயினிற் பிறந்தவளாதலின் கருங்கூந்தலாளாகவே அவளைக் காட்டும் வழக்கம் இருந்தது. இந்நாடகமோ அவளுக்குரிய செம்பொன் கூந்தலைத் தந்தது. மயிரின் நிறத்தை ஆராய்ந்தவர்கள் போர்க்களத்தின் தூரத்தையும் ஆராய்ந்திருக்கலாம்.

காட்சிக்கு வேறு பொருள் இல்லையா? 1507இல் தந்தை பேர்டினாந்தின் தூதராக இங்கிலாந்து அரசவையில் வாதாடினாள். 1529இல், மணவிலக்குக் கோரிய கணவனின் முன் மன்றத்தில் முழந்தாளிட்டுத் தன் வழக்கை உரைத்து எழுந்து வெளியேறியவள், திரும்ப அழைத்தும் வரவில்லை. 1613இல் சேக்ஸ்பியர் அரங்கேற்றிய நாடகத்தில் அம்மன்றக் காட்சி இடம்பெற்றது. அங்கே அவள் கையில் வாளில்லை.