மூன்று கம்பியும் ஓர் ஒப்பந்தமும்

திருவனந்தபுரம் வலியசாலையில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். பொறியியல் கடைசி வருடம் படிக்கும் பையன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலை புராஜெக்ட் தேர்வு. மேஜை மேல் ஒரு லேப்டாப், ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு, நடுவே யு.எஸ்.பி. கன்வெர்ட்டரும் மூன்று கம்பிகளும். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று போர்டு சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து மோட்டாரைப் போடச் சொல்ல வேண்டும். திரையில் வந்ததெல்லாம் கேள்விக்குறிகளும் கட்டங்களும்.

"போர்டுதான் மாமா சரியில்லை. வெளிநாட்டு போர்டு வாங்கியிருக்கணும்" என்றான்.

அந்த போர்டின் பெயர் ஏரிஸ். அதன் மூளையான தேஜஸ்32 சிப்பை வடிவமைத்தது அதே ஊரில் இருக்கும் சி-டாக். 32 பிட், 100 மெகாஹெர்ட்ஸ், வெளியுலகோடு பேச மூன்று சீரியல் வாசல்கள். உள்ளூர்ச் சரக்கு என்றால் முதல் பழி அதன்மேல்தான் விழும். ஒரு மாணவன் அவசரத்தில் சொல்லும் தீர்ப்பு வகுப்பு முழுக்கப் பரவிவிடும். ஆகவே விசாரித்துவிட்டே தண்டிப்போம் என்றேன்.

சீரியல் தொடர்பு தந்தி காலத்துச் சங்கதி. ஓர் எழுத்தை எட்டு பிட்டாக உடைத்து, ஒரே கம்பியில் வரிசையாக அனுப்புவது. முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு முடிவு பிட். ஆக மொத்தம் பத்து. தாளம் போட்டுக் காட்டத் தனிக் கம்பி கிடையாது. எனவே வேகத்தை இரண்டு பேரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேகத்துக்கு 'பாட்' என்று பெயர். பிரெஞ்சு தந்திப் பொறியாளர் எமீல் போதோவின் நினைவாக. 9600 பாட் என்றால் ஒரு பிட்டுக்குச் சுமார் 104 மைக்ரோ விநாடி. விநாடிக்கு 960 எழுத்து.

முதலில் போர்டைக் கழற்றி வைத்தோம். கன்வெர்ட்டரின் அனுப்பும் முனையையும் வாங்கும் முனையையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து, டெர்மினலில் தட்டிப் பார்த்தோம். தட்டிய எழுத்து அப்படியே திரும்பி வந்தது. லேப்டாப்பும் கன்வெர்ட்டரும் நிரபராதிகள். (இதற்கு முன் அவன் புரோகிராமை மூட வேண்டியிருந்தது. ஒரு வாசலில் ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான்.)

அடுத்து கம்பிகள். இவன் வாய் அவன் காதோடு, அவன் வாய் இவன் காதோடு சேர வேண்டும். மூன்றாவதான கிரவுண்ட் இருவருக்கும் பொது. அதுவும் சரி.

பிறகு வேகம். போர்டில் எழுதியிருந்தது 115200. லேப்டாப் புரோகிராமில் 9600. சரியாகப் பன்னிரண்டு மடங்கு. லேப்டாப் ஒரு பிட்டைக் கேட்டு முடிப்பதற்குள் போர்டு ஒரு முழு எழுத்தையே சொல்லி முடித்து அடுத்ததற்குப் போய்விடுகிறது. திரையில் கட்டங்கள் வராமல் என்ன செய்யும்? எண்ணை மாற்றியதும் கட்டங்கள் மறைந்து இலக்கங்கள் வந்தன.

ஆனால் 62 என்பது சில நேரம் ஆறாகவும் இரண்டாகவும் பிரிந்து வந்தது. தொட்டியில் இரண்டு சதவீதம்தான் தண்ணீர் என்று நம்பி, புரோகிராம் மோட்டாரைப் போடப் பார்த்தது. காரணம் எளிது. கம்பிக்கு எழுத்துதான் தெரியும், வாக்கியம் தெரியாது. வந்ததை வந்தபடி விழுங்காமல், வரிமுடிவுக் குறி வரும்வரை சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும்.

கடைசிச் சிக்கலும் அதன் மறுபக்கம்தான். மோட்டாரைப் போடு என்ற கட்டளையை போர்டு கண்டுகொள்ளவில்லை. அது வரிமுடிவுக் குறிக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது. லேப்டாப் அதை அனுப்பவே இல்லை. சேர்த்ததும் ரிலே 'டக்' என்றது.

சீரியல் வாசலை நாடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. பழைய கம்ப்யூட்டர்களின் ஒன்பது முனை வாசல் 1960-இல் பிறந்த ஆர்.எஸ்.232 வகை, அதில் மின்னழுத்தம் பிளஸ், மைனஸ் இரண்டு பக்கமும் பல வோல்ட் போகும். 3.3 வோல்ட்டில் ஓடும் சிப்பை அதில் நேராக மாட்டினால் சிப் அம்பேல். நடுவே அதற்கான மாற்றி வேண்டும்.

மணி பதினொன்று. மூன்று திருத்தங்கள் செய்திருந்தோம்; மூன்றும் லேப்டாப் புரோகிராமில். போர்டில் ஒரு வரி மாற்றவில்லை.

"போர்டு நல்ல போர்டுதான் மாமா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனான். இதையும் வகுப்பில் சொல் என்றேன்.