வண்டிக்குள் ஓர் இரவு

2023-இல் வெளியான தமிழகச் சுற்றுலாக் கொள்கை, கேரவன் சுற்றுலாவையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நல்லது. ஆனால் நம் கேரவன் எப்போதோ நீலகிரி ஏறிவிட்டது: வாடகை வேன், புளியோதரைத் தூக்கு, கேஸ் அடுப்பு, கைக்குழந்தை, பாட்டி.

குழந்தைகளோடு வருவதற்கு மே மாதத்தைவிட மாசிக் கடைசியே உகந்தது என்போம் நாங்கள். நெரிசல் இல்லை, பகல் வெயிலும் இதமானது. இரவுதான் சிக்கல். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் அப்போதும் வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். அறை வாடகைக்கு வழியில்லாத குடும்பம் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வண்டியிலேயே உறங்குகிறது. குளிர் தாளாமல் உள்ளே கரியடுப்பு மூட்டுவோரும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. அது சூழ்வதை உறங்கும் பிள்ளை அறியாது.

2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு, வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பிட்டது. மலைக்கு அது தேவையே. ஆனால் வண்டிகளை எண்ணுகிறவர்கள், இரவில் அவை எங்கே நிற்கும் என்றும் கேட்டிருக்க வேண்டாமா? சொகுசு கேரவனுக்கு நிலம் ஒதுக்கும்போது, அதில் ஒரு மூலையை இந்த வாடகை வேன்களுக்கும் கொடுக்கட்டும்: கழிப்பறை, வெந்நீர், பிள்ளைகள் படுக்கக் காற்றோட்டமுள்ள ஒரு கூடம்.