மெட்ரோ கார்டில் மிச்சம் யாருக்கு?



பிழைப்பை நாடிப் பெருநகரங்களில் குடியேறிய நம் குடும்பங்களில் மாதக் கணக்கு எழுதும் வழக்கம் பெரும்பாலும் உண்டு. வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அதில் இடம்பெறும். போக்குவரத்துச் செலவு மட்டும் விடுபட்டுப்போகும். பத்தும் இருபதுமாக அன்றாடம் கையைவிட்டுப் போகிற பணமானபடியால் அது நம் கண்ணில் படுவதில்லை. மாத முடிவில் கூட்டிப் பார்த்தாலோ, ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவுக்குச் சமமாக நிற்கிறது.

ஆகையால் இம்மாதம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மெட்ரோ ரயிலுக்கு ஸ்மார்ட் கார்டு வாங்குவது லாபமா, அன்றன்று டிக்கெட் எடுப்பதே போதுமா என்பது கேள்வி. எடுத்துக்காட்டுக்கு டெல்லியை வைத்துக்கொள்வோம். மும்பையிலும் பெங்களூரிலும் உள்ளவர்கள் தங்கள் நகரத்துக் கட்டணங்களை வைத்து இதே முறையில் கணக்கிடலாம்.

முதலாவது, கட்டணத்தை அறிந்துகொள்வோம். டெல்லி மெட்ரோ 2002ஆம் ஆண்டு டிசம்பரில் ஷாதராவுக்கும் தீஸ் ஹஜாரிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 2017ஆம் ஆண்டில் மே, அக்டோபர் ஆகிய இரு மாதங்களில் கட்டணம் உயர்ந்தது. அதன்பின் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் மாற்றமின்றி இருந்து, 2025 ஆகஸ்டு 25ஆம் நாள் மீண்டும் உயர்ந்தது. அந்த உயர்வின்படி 2 கிலோமீட்டர் வரை 11 ரூபாய். 5 வரை 21. 12 வரை 32. 21 வரை 43. 32 வரை 54. அதற்கும் மேற்பட்ட தொலைவுக்கு 64 ரூபாய். மாணவருக்கோ முதியவருக்கோ தனிச் சலுகை கிடையாது.

இரண்டாவது, கார்டு என்ன தருகிறது என்று பார்ப்போம். புதிய கார்டுக்கு 150 ரூபாய் கொடுக்கிறோம். அதில் 100 ரூபாய் பயணத்துக்கு. 50 ரூபாய் டெபாசிட், கார்டைத் திருப்பிக் கொடுத்தால் கைக்கு வரும். ஒவ்வொரு பயணத்திலும் கட்டணத்தில் நூற்றுக்குப் பத்து தள்ளுபடி உண்டு. இதைப் பலரும் அறிவார்கள். ஆனால் பலர் அறியாத மற்றொரு தள்ளுபடியும் இருக்கிறது. நெரிசல் இல்லாத நேரங்களில் பயணம் செய்கிறவர்களுக்கு மேலும் பத்து விழுக்காடு குறைகிறது. காலை முதல் ரயில் தொடங்கி 8 மணி வரை, பகல் 12 மணி முதல் மாலை 5 மணி வரை, இரவு 9 மணி முதல் கடைசி ரயில் வரை என்பவை அந்த நேரங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: நீங்கள் ரயில் ஏறிய நேரத்தைக் கொண்டு அல்ல, இறங்கி நிலையத்தை விட்டு வெளியேறும் நேரத்தைக் கொண்டே இந்தத் தள்ளுபடி கணக்காகிறது. ஏழரைக்கு ஏறி எட்டேகாலுக்கு வெளியேறுகிறவருக்கு இரண்டாவது பத்து கிடைக்காது.

இப்பொழுது மூன்று பேரை நினைத்துக்கொள்வோம். மூவரும் மாதத்தில் 26 நாட்கள், நாளொன்றுக்கு இரு முறை பயணம் செய்கிறவர்கள்.

ஒருவர் அலுவலகத்தில் பணிபுரிகிறார். காலை 9 மணிக்குப் போய் மாலை 6 மணிக்குத் திரும்புகிறார். ஒரு முறைக்கு 43 ரூபாய் என்றால் மாதத்துக்கு 2,236 ரூபாய். நெரிசல் நேரமானபடியால் அவருக்குப் பத்து விழுக்காடு மட்டுமே. மிச்சம் ஏறத்தாழ 223 ரூபாய்.

இரண்டாமவர் வீட்டுவேலை செய்யும் சகோதரி. விடியலில் புறப்பட்டு 8 மணிக்குள் இறங்கிவிடுகிறார்; பிற்பகலில் திரும்புகிறார். கட்டணம் 32 ரூபாய், மாதத்துக்கு 1,664 ரூபாய். அவருக்கு இரண்டு தள்ளுபடிகளும் சேர்ந்து கிடைப்பதால் மாத மிச்சம் 300 ரூபாய்க்கு மேல். குறைந்த தொலைவு செல்லும் இந்தச் சகோதரி, அதிகத் தொலைவு செல்லும் அலுவலக ஊழியரைவிட அதிகம் மிச்சம் பிடிக்கிறார்! டெபாசிட்டாகக் கொடுத்த 50 ரூபாய் நாலைந்து நாட்களிலேயே ஈடாகிவிடுகிறது. ஆண்டுக்கு 3,600 ரூபாய்க்குக் குறையாத தொகை கையில் நிற்கிறது.

மூன்றாமவர் இரண்டு கிலோமீட்டருக்குள் போய்வருகிற கடைப் பணியாளர். மாதத்துக்கு 572 ரூபாய் செலவு. பத்து விழுக்காட்டில் மிச்சம் 57 ரூபாய். லாபம் சிறிது, என்றாலும் நஷ்டமில்லை. மாதத்தில் ஓரிரு முறை மட்டும் மெட்ரோ ஏறுகிறவருக்கோ கார்டினால் சொல்லத்தக்க ஆதாயம் இல்லை. அவருடைய பணம் கார்டுக்குள் சும்மா கிடக்கும்.

இந்தக் கணக்கு ஓர் உண்மையைக் காட்டுகிறது. கார்டின் முழுப் பலன் அதிகாலையில் புறப்பட்டு நடுப்பகலில் திரும்புகிறவர்களுக்குரியது. வீட்டுவேலை செய்வோர், துப்புரவுப் பணியாளர், இரவுக் காவலர், சமையற்கட்டில் உதவி செய்வோர் ஆகியோரே அவர்கள். ஆனால் கியூவில் நின்று அன்றாடம் முழுக் கட்டணம் கொடுத்து டிக்கெட் வாங்குகிறவர்களிலும் இவர்களே அநேகர். சலுகை யாருக்கு மிகுதியாகப் பொருந்துகிறதோ, அவர்களே அதை விட்டுவிடுகிறார்கள்.

ஏன்? காரணமில்லாமல் இல்லை. தினக்கூலி வாங்குகிறவருக்கு 150 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைப்பது கடினம். கார்டுக்குள் போன பணம் கண்ணுக்குத் தெரியாது; எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு மீதி என்பதை வாசலிலுள்ள சிறு திரையில் ஒரு கணம் மட்டுமே காணலாம். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கு அதுவும் உதவாது. கார்டு தொலைந்தால் அதிலுள்ள பணமும் தொலைந்தது போலத்தான். இந்தப் பயங்களை அறியாமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். சிறு பணத்தில் குடும்பம் நடத்துகிறவர்களின் எச்சரிக்கை அது.

ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் வழியுண்டு. ஒரே தடவையில் பெருந்தொகையைப் போட்டுவைக்காமல், வாரத்துக்குப் போதுமான அளவில் ரீசார்ஜ் செய்தால் தொலைந்தாலும் நஷ்டம் சிறிது. வீட்டிலுள்ள பள்ளிப்பிள்ளை வாரம் ஒருமுறை மீதித் தொகையைப் பார்த்துச் சொல்லலாம். முதல் 150 ரூபாய்க்கு வழியில்லாதவருக்கு, அவர் வேலை செய்யும் வீட்டாரே அதை முன்பணமாகக் கொடுத்து உதவலாம். வீட்டுவேலைக்கு ஆள் வைத்திருக்கும் வாசகர்களே, இது உங்களுக்குப் பெரிய தொகையல்ல.

ஸ்மார்ட் போன் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு வழியும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் டெல்லி மெட்ரோ தன் செயலியில் பலமுறைப் பயணத்துக்கான க்யூஆர் டிக்கெட்டை அறிமுகப்படுத்தியது. அதில் டெபாசிட் இல்லை. முதலில் போடும் 150 ரூபாய் முழுவதையும் பயணத்துக்கே செலவிடலாம், தள்ளுபடிகளும் கார்டுக்குரியவையே. அடிக்கடி ஊருக்குப் போய் வருகிறவர்கள் தேசியப் பொதுப் பயண அட்டையைப் பற்றியும் விசாரிக்கலாம். 2019 மார்ச்சில் தொடங்கப்பட்ட இந்த அட்டையை டெல்லி மெட்ரோவிலும் சென்னை மெட்ரோவிலும் பயன்படுத்தலாம். எந்தக் கார்டானாலும் ஒருவருக்கு ஒன்று வேண்டும். ஒரே கார்டைத் தேய்த்து இருவர் ஒன்றாக உள்ளே போக இயலாது.

இதுவரை சொன்னது சில கிலோமீட்டர் தூரத்தில் வேலைக்குப் போகிறவர்களின் கணக்கு. வேலை ஓரிடத்திலும் வீடு வெகுதூரத்திலும் ஆகிவிட்டால் என்ன செய்வது? டெல்லித் தமிழர்களுக்கு இது வெறும் கற்பனைக் கேள்வியல்ல. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் ஓரத்தில் பல பத்தாண்டுகளாக இருந்த மதராசி கேம்ப், நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1ஆம் நாள் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள் அங்கிருந்தன. தகுதியுள்ளவை என்று ஏற்கப்பட்ட குடும்பங்களுக்கு நகரத்தின் வடகோடியிலுள்ள நரேலாவில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நடந்தே வேலைக்குப் போய்வந்த பெண்களுக்கு, வேலை செய்யும் வீடுகள் முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டன.

நரேலாவில் மெட்ரோ நிலையம் இல்லை. ரிட்டாலாவிலிருந்து நரேலா வழியாகக் குண்ட்லி வரை செல்லும் பாதைக்கு 2024 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பாதை அமைந்து ரயில் ஓடும்வரை பேருந்தில் சமய்பூர் பாத்லி போன்ற நிலையத்துக்கு வந்தே மெட்ரோ ஏறவேண்டும். அங்கிருந்து ஜங்புராவுக்கு 54 ரூபாய். போக வர 108. மாதத்துக்கு 2,808 ரூபாய். இரண்டு தள்ளுபடிகளும் கிடைத்தாலும் 2,200 ரூபாய்க்கு மேல் ஆகும். நேற்றுவரை போக்குவரத்துக்கு ஒரு காசும் செலவிடாத குடும்பத்துக்கு இது ஒரு வீட்டு வேலையின் சம்பளத்தையே விழுங்கக்கூடிய தொகை. கார்டு 500 ரூபாய்க்கு மேல் குறைக்கிறது என்பது உண்மை. வீட்டை வேலையிலிருந்து பிரித்ததால் வந்த செலவை எந்தக் கார்டும் தீர்க்காது என்பதும் உண்மை.

அத்தகைய குடும்பங்கள் பேருந்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். டெல்லி அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2019 அக்டோபர் 29ஆம் நாள் தொடங்கியது. காலையில் நேரத்துக்குப் போய்ச் சேருவதற்கு மெட்ரோ, திரும்புகையில் அவசரமில்லாததால் பேருந்து என்று பிரித்துக்கொண்டால் 2,200 ரூபாய் பாதியாகக் குறையும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கூடுதலாகப் பேருந்தில் போகும். அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்தில் வீட்டில் இருக்கவேண்டிய தாய்க்கு அந்த ஒரு மணி நேரமும் ஒரு விலைதான். அதை அவரவரே எடைபோட்டுப் பார்க்கவேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பெண்களின் இலவசப் பயணத்துக்கென டெல்லி அரசு 2025ஆம் ஆண்டில் அறிவித்த சஹேலி ஸ்மார்ட் கார்டு, டெல்லியில் வசிப்பவர் என்ற சான்றுள்ள பெண்களுக்கே உரியது. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 அன்று தொடங்கிய சக்தி திட்டமும் அம்மாநில முகவரி உள்ளவர்களுக்கே பொருந்தும். நம்மில் பலர் இருபது ஆண்டுகள் நகரத்தில் வாழ்ந்தும் ஆதாரில் ஊர் முகவரியையே வைத்திருக்கிறோம். ஊரோடுள்ள தொடர்பு அறுந்துவிடுமோ என்ற எண்ணம் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் சலுகைகள் கார்டின் வடிவில் வரும்போது முகவரியே திறவுகோல். ஊரில் ரேஷன், ஓட்டு ஆகியவற்றுக்கு என்ன நேரிடும் என்று முன்னதாக விசாரித்து, எங்கே வாழ்கிறோமோ அங்கே முகவரியை மாற்றுவது நன்றா என்று குடும்பமாகக் கலந்து முடிவு செய்யுங்கள்.

ஆண்களுக்குப் பேருந்தில் மாத பாஸ் உண்டு. ஏசி பேருந்துகளிலும் செல்லத்தக்க எல்லாத் தட பாஸுக்கு ஏறத்தாழ 1,000 ரூபாய். ஏசி பேருந்தில் கட்டணம் 10 முதல் 25 ரூபாய் வரை. மாதம் 52 முறை 20 ரூபாய் கொடுப்பவருக்கு 1,040 ரூபாய் ஆகும். அவருக்கு பாஸ் லாபம். 10 ரூபாய் தூரம் போகிறவருக்கு 520 ரூபாய்தான். அவர் பாஸ் எடுத்தால் நஷ்டம். இரண்டு பேருந்து மாறிப் போகிறவருக்கோ பாஸே ஏற்றது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் குடும்பமாகச் செல்வோருக்கும் ஒரு செய்தி. ஞாயிறுகளிலும் ஜனவரி 26, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தேசிய விடுமுறை நாட்களிலும் டெல்லி மெட்ரோவில் கட்டணம் குறைவு. 32 ரூபாய்த் தொலைவுக்கு 21 ரூபாய், 43க்கு 32, 54க்கு 43. நால்வர் 32 ரூபாய்த் தொலைவுக்குப் போய்வந்தால் அன்று 88 ரூபாய் குறையும். மூன்று அடிக்கும் குறைந்த உயரமுள்ள சிறு பிள்ளைகளுக்கு டிக்கெட் தேவையில்லை.

பிரியமானவர்களே, எந்த நகரத்தில் இருந்தாலும் கார்டு வாங்குமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். மாதத்தில் எத்தனை முறை பயணம் செய்கிறேன்? எந்த நேரத்தில் இறங்குகிறேன்? டெபாசிட் எவ்வளவு, அது திரும்ப வருமா? இதே தூரத்துக்குப் பேருந்து பாஸ் என்ன விலை? ஒரு வாரம் மட்டும் செலவைத் தாளில் குறித்து வையுங்கள். விடை தானாக வரும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ விடியுமுன் வேலைக்குப் புறப்படும் சகோதரி யாரேனும் இருந்தால், எட்டு மணிக்குள் இறங்குகிறவருக்கு இரண்டு தள்ளுபடி உண்டு என்பதை முதலில் அவருக்குச் சொல்லுங்கள். முடிந்தால் ஒருநாள் உடன்சென்று கார்டு வாங்கிக் கொடுத்து, வாசலில் எப்படி வைக்கவேண்டும், மீதித் தொகையை எங்கே பார்க்கவேண்டும் என்று காட்டிக்கொடுங்கள்.