ஃபார்ம் என்றால் பண்ணை மட்டும்தானா?

'ஃபார்ம்' என்றதும் கண்முன் என்ன வருகிறது? கோழி, மாடு, பம்ப்செட், இல்லாவிட்டால் ஈசிஆர் பக்கம் வாரக் கடைசிக்கு வாடகைக்குக் கிடைக்கும் ஃபார்ம் ஹவுஸ். ஆனால் இந்தச் சொல் பிறந்தபோது இதில் ஒரு பிடி மண்கூடக் கிடையாது. இருந்தது பணம்தான்.

லத்தீனில் 'ஃபிர்மாரே' என்றால் உறுதி செய்வது. "டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிடுச்சா?" என்று கேட்பீர்களே, அந்தக் கன்ஃபர்மும் இதே குடும்பம்தான். இதிலிருந்து வந்த 'ஃபிர்மா' என்பது, இவ்வளவு என்று உறுதி செய்யப்பட்ட தொகை. அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய் 'ஃபார்ம்' ஆயிற்று. அங்கே நிலம் பிரபுவுக்குச் சொந்தம். ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசி அதை எடுத்தவர் ஃபார்மர். தமிழில் சொன்னால் குத்தகைக்காரர். 16-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் குத்தகையைக் குறித்த சொல் நிலத்தின்மேல் ஏறியது. அங்கே உழுதுகொண்டிருந்தவரும் 'விவசாயி' என்ற பொருளில் ஃபார்மர் ஆனார். நம் ஊர்ப் பண்ணையாரோ நிலத்துக்கு உடைமைக்காரர். பண்ணை, ஃபார்ம் இரண்டையும் அகராதி ஒன்றாக வைத்தாலும், பண்ணையாரும் ஃபார்மரும் வரப்பின் எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்கள்!

நிலத்தை மட்டுமா குத்தகைக்கு விட்டார்கள்? வரியையும் விட்டார்கள். பிரான்சில் மன்னருக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு, உப்பு, புகையிலை வரிகளை மக்களிடம் வசூலித்து, மிஞ்சியதை எடுத்துக்கொள்ளும் கூட்டமைப்பு ஒன்று இருந்தது. பெயர் 'ஃபெர்ம் ஜெனரால்'. மிஞ்சினால் லாபம் என்னும்போது கெடுபிடிக்குக் கேட்க வேண்டுமா? ஆக்சிஜனுக்குப் பெயர் வைத்த விஞ்ஞானி லவோய்சியேவும் 1768-ல் இதில் பங்கு வாங்கினார். புரட்சி வந்தது. 1794 மே 8 அன்று, மாமனார் உட்பட மேலும் 27 வரிக் குத்தகைக்காரர்களுடன் அவருடைய தலையையும் கில்லட்டின் வெட்டியது. ஆங்கிலப் புத்தகங்களில் இவர்களை 'டாக்ஸ் ஃபார்மர்' என்று எழுதியிருப்பார்கள். வரி கட்டிய விவசாயிகள் என்று படித்துவிட்டால் கதையே தலைகீழ்.

சென்னைக்கும் இந்தப் பொருள் வந்திருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டை ஆவணங்களில் சாராய ஃபார்ம், வெற்றிலை-புகையிலை ஃபார்ம் என்றெல்லாம் வரும். அவை தோட்டமில்லை. ஊரில் அந்தச் சரக்கை விற்கும் தனி உரிமையை ஒருவருக்குக் குத்தகை விட்டதுதான். சிங்கப்பூரின் பழைய 'ஓப்பியம் ஃபார்ம்' என்பதும் அபின் விளைந்த வயல் அல்ல; அபின் விற்கும் குத்தகை.

அந்தப் பழைய வாசனை இன்னும் போகவில்லை. ஒரு கம்பெனி தன் வேலையை வெளியாருக்குப் பிரித்துக் கொடுத்தால் 'ஃபார்ம் அவுட்' செய்கிறது என்பார்கள். இதில் உழவு எங்கே இருக்கிறது? மறுபக்கம், முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது 'விண்ட் ஃபார்ம்'. கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்த கட்டடம் 'சர்வர் ஃபார்ம்'. இவை பண்ணை என்ற புதுப் பொருளில் முளைத்தவை.

ஒன்றில் மட்டும் உஷாராக இருங்கள். அமெரிக்கக்காரர் ஒருவர் தன் நண்பரைப் பற்றி வருத்தமான முகத்தோடு "ஹி பாட் தி ஃபார்ம்" என்றால், எத்தனை ஏக்கர் என்று கேட்டுவிடாதீர்கள். ஆள் இறந்துவிட்டார் என்று பொருள்.