மின்சாரம் போனால் வால்வு எங்கே நிற்கும்?

எஞ்சினில் உள்ள சோலனாய்டு வால்வுகளை அவை செய்யும் வேலையை வைத்தே பெயர் சொல்லிப் பழகியிருக்கிறோம்: பர்ஜ் வால்வு, ஈஜிஆர் வால்வு, ஆயில் கண்ட்ரோல் வால்வு, இன்ஜெக்டர், பூஸ்ட் சோலனாய்டு, ரெயில் பிரஷர் வால்வு. உதிரிபாகக் கடையில் கேட்டு வாங்க இந்தப் பெயர்கள் போதும். பழுது கண்டுபிடிக்க இவை போதாது. வால்வைக் கையிலெடுக்கும் மெக்கானிக் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. மின்சாரம் இல்லாதபோது அது திறந்து நிற்குமா, மூடி நிற்குமா? ஈசியூ அதை எந்த விதத்தில் இயக்குகிறது? ஓட்டத்தைத் தானே அடைத்துத் திறக்கிறதா, இல்லை வேறொரு பெரிய பாகத்தை நகர்த்த வழி மட்டும் விடுகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் செய்யும் சோதனை பெரும்பாலும் குருட்டாம்போக்கில்தான் போகும்.

மின்சாரம் இல்லாத நிலையை எடுத்துக்கொள்வோம். அது வடிவமைப்பாளர் வேண்டுமென்றே எடுத்த முடிவு. காயில் எரிந்தாலோ வயர் அறுந்தாலோ எஞ்சின் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை ஸ்பிரிங்தான் தீர்மானிக்கிறது. கனிஸ்டரிலிருந்து பெட்ரோல் ஆவியை விடும் பர்ஜ் வால்வு மின்சாரமில்லாதபோது மூடியிருக்கும். அதே கனிஸ்டரின் வென்ட் வால்வு திறந்திருக்கும். பூஸ்ட் சோலனாய்டு செயலிழந்தால் பொதுவாக டர்போ குறைந்த அழுத்தத்தில் நிற்கும். எஞ்சின் சக்தியை இழக்குமே தவிர உடையாது. பழைய ரோட்டரி பம்ப் டீசல்களின் ஃப்யூல் கட்-ஆஃப் சோலனாய்டுக்கு எஞ்சின் ஓடும் வரை மின்சாரம் வேண்டும். தீயணைப்பு பம்புகளை ஓட்டும் எஞ்சின்களில் இதற்கு நேர்மாறாக, மின்சாரம் கொடுத்தால்தான் எஞ்சின் நிற்கும்படி வைப்பதுண்டு. தீ எரியும்போது ஒரு வயர் அறுந்ததற்காக பம்ப் நின்றுவிடக் கூடாது அல்லவா. வேலை ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான், நடத்தை மட்டும் தலைகீழ்.

இந்த வேறுபாடு காமன் ரெயிலில்தான் அதிகம் படுத்துகிறது. ரெயில் அழுத்தம் ஏறவில்லை என்றதும் கனெக்டரைக் கழற்றிப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. இரண்டு வால்வுகளைக் கொண்டு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள் பலவற்றில், பம்பின் நுழைவிலுள்ள அளவு வால்வு மின்சாரமின்றித் திறந்து நிற்கும். ரெயிலின் முனையிலுள்ள அழுத்த வால்வோ மின்சாரமின்றி டீசலைத் திருப்பி டேங்குக்கு விட்டுவிடும். முன்னதைக் கழற்றினால் பம்ப் முழு அளவு தள்ளும். பின்னதைக் கழற்றினால் ஸ்டார்ட் ஆகத் தேவையான அழுத்தமே ஏறாது. ஒரே எஞ்சினில் ஒரே செயலுக்கு இரண்டு எதிர் விளைவுகள். போதாததற்கு, டென்சோ பம்புகளின் சக்‌ஷன் கண்ட்ரோல் வால்வு, மின்சாரமில்லாதபோது திறந்திருப்பது, மூடியிருப்பது என இரு வகையிலும் வந்திருக்கிறது. திறந்திருக்கும் வகையில் பழகிய கை, மூடியிருக்கும் வகையின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, அழுத்தம் விழுவதைக் கண்டு பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டினால் அதன் செலவு வாடிக்கையாளர் தலையில் விழும். ஓடும் எஞ்சினில் அளவு வால்வைக் கழற்றுவது ரெயிலின் பாதுகாப்பு வால்வைத் திறந்துவிடக்கூடிய ஆபத்தான சோதனை என்பது தனிக் கதை.

இயக்கும் விதத்துக்கு வருவோம். பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்து 'டிக்' சத்தம் கேட்பது இன்னும் பல பட்டறைகளில் முதல் சோதனை. திறப்பு, மூடல் என்ற இரண்டு நிலை மட்டுமே உள்ள வால்வுக்கு அது சரி. 12 முதல் 16 ஓம் வரையுள்ள சாதாரண பெட்ரோல் இன்ஜெக்டருக்கும் ஒரு கணம் கொடுத்தால் பாதகமில்லை. 2, 3 ஓம் மட்டுமே உள்ள பீக்-அண்ட்-ஹோல்டு இன்ஜெக்டரில் அதே 12 வோல்ட் 4 ஆம்பியரோ அதற்கு மேலோ ஓட்டும்; ஈசியூ திறந்த மறுகணமே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும், பேட்டரி குறைக்காது. காமன் ரெயில் இன்ஜெக்டரின் காயிலோ 1 ஓமுக்கும் குறைவு. அதை மல்டிமீட்டரில் அளப்பதும் வீண்தான், ஏனென்றால் மீட்டர் வயரின் தடையே அந்த அளவுக்கு வந்துவிடும். சூட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் ஏறுகிறது. 20 டிகிரியில் 7 ஓம் காட்டும் ஆயில் கண்ட்ரோல் வால்வு 100 டிகிரியில் 9 ஓமைத் தாண்டும். அதே வோல்ட்டில் மின்னோட்டம் ஏறக்குறைய கால்பங்கு குறையும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் தேறிய வால்வு, நெடுஞ்சாலையில் சூடேறியதும் சிக்கிக்கொள்வதில் மர்மம் எதுவுமில்லை.

மூன்றாவது கேள்விக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆயில் அழுத்தத்தால் இயங்கும் வால்வு டைமிங். 1989இல் ஹோண்டா இன்டெக்ராவில் வந்த விடெக் சோலனாய்டு ஆயில் வழியைத் திறக்கும் அல்லது மூடும், அவ்வளவுதான். கேம் கோணத்தைத் தொடர்ந்து மாற்றும் அமைப்புகளில் ஸ்பூல் நடுநிலையில் நின்று ஆயிலை இருபுறமும் அடைத்து வைக்கவும் வேண்டும். ஈசியூ தரும் மின்துடிப்பின் டியூட்டி ஏறினால் ஒரு பக்கம், இறங்கினால் மறு பக்கம். இரண்டிலும் உண்மையில் வேலையைச் செய்வது சோலனாய்டு அல்ல, ஆயில். ஸ்கேனர் பி0010 என்ற பிழைக் கோடைக் காட்டினால் காயில், வயர், டிரைவர் என்ற மின்பாதையைச் சந்தேகிக்கலாம். பி0011 சொல்வது, கேம் சொன்ன இடத்தில் இல்லை என்பதை மட்டுமே. ஆயில் மட்டம், கிரேடு, கசடு, வால்வுக்கு முன்னுள்ள சின்ன வலை, நீண்டுபோன செயின் என எதுவும் காரணமாக இருக்கலாம். இந்தக் கோடுக்கு வால்வை மாற்றிச் சரியானதாகச் சொல்லப்படும் வண்டிகளில் அதே நாளில் ஆயிலும் மாற்றப்பட்டிருக்கும். குணமாக்கியது எது என்று அந்த பில்லைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நேரமில்லை, பாகம் மலிவு, மாற்றிவிட்டு வண்டியை அனுப்புவதே புத்திசாலித்தனம் என்பார்கள். பர்ஜ் வால்வுக்கு அந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சோதிப்பதும் அதே அளவு மலிவு: கழற்றி, மின்சாரமின்றிக் கை வாக்குவம் பம்பை வைத்தால் முள் அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் கனிஸ்டரின் கரித்தூள் வால்வின் இருக்கையில் சிக்கியிருக்கலாம். பெட்ரோல் போட்ட உடனே ஸ்டார்ட் ஆக மறுக்கும் வண்டிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். புதிதாகப் போட்டதும் குறியீட்டெண் பதிய வேண்டிய டீசல் இன்ஜெக்டர்களுக்கு 'மாற்றிப் பார்ப்போம்' என்ற கணக்கு கட்டுபடியாகாது. தயாரிப்பாளரின் கையேட்டில் எல்லாப் படிகளும் இருக்கின்றனவே என்பது அடுத்த வாதம். இருக்கின்றன; ஆனால் கையேடு சிறு பட்டறைகளின் கைக்கு எட்டுவதில்லை. எட்டினாலும் 20 டிகிரி ஓம் அட்டவணையோடு நின்றுவிடுபவர்களே அதிகம்.

மின்னோட்டத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பின் விலை கட்டுபடியாகாது என்ற எதிர்ப்பு நியாயமானது. ஆனாலும் மின்னோட்டக் கிளாம்ப் ஒன்று மட்டும் சேர்ந்தால் ஸ்கோப் தரும் தகவலுக்கு ஈடு இல்லை. மின்னோட்டக் கோடு வளைந்து ஏறும்போது, பிளஞ்சர் நகரும் கணத்தில் ஒரு சின்னப் பள்ளம் விழும். நகரும் இரும்பு காயிலில் எதிர் மின்னழுத்தத்தைத் தூண்டுவதால் வருவது அது. கோடு ஒழுங்காக ஏறியும் பள்ளம் இல்லையென்றால் மின்பாதை நலம், பிளஞ்சர் அசையவில்லை. பள்ளம் வழக்கத்தைவிடத் தாமதமாக விழுந்தால் பிளஞ்சர் இழுத்துக்கொண்டு நகர்கிறது. ஒன்றையும் கழற்றாமல் இவ்வளவும் தெரியும். கசிவை மட்டும் இந்தக் கோடு காட்டாது. அதற்கு மறுபடி வாக்குவம் பம்புதான். ஸ்கோப் வாங்க முடியாதவர் ஸ்கேனரில் கேமின் இலக்குக் கோணத்தையும் உண்மைக் கோணத்தையும் அருகருகே வைத்து, டியூட்டி மாறும்போது இரண்டாவது எவ்வளவு தாமதமாகப் பின்தொடர்கிறது என்று பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி வந்தபின் இருசக்கர வண்டிகளிலும் இன்ஜெக்டர் வழக்கமாகிவிட்டது. கார்பரேட்டரில் கைதேர்ந்த பட்டறைகளுக்கும் இந்த வால்வுகள் இனி அன்றாடம். ஆகவே உதிரிபாகத் தயாரிப்பாளர்களிடம் ஒரு கோரிக்கை. பெட்டியின் மேல் பாக எண்ணோடு, மின்சாரமில்லாதபோது வால்வு நிற்கும் நிலை, 20 டிகிரியில் காயிலின் தடை, நேரடி 12 வோல்ட் கொடுக்கலாமா கூடாதா என்ற மூன்றையும் அச்சிடுங்கள். இரண்டு வரிக்கு மேல் இடம் பிடிக்காது. அதுவரை, புதிய வால்வைப் பொருத்துமுன் அதில் ஒருமுறை வாயால் ஊதிப் பார்த்து, காற்று போகிறதா இல்லையா என்பதை ஜாப் கார்டில் எழுதி வைக்கலாம். டீசல் பம்பின் வால்வுகளுக்கு மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே வாயும் தூசியும் நெருங்கக் கூடாது.