ரெண்டு பேர், ஒரே பர்ஸ்... முத்துப்பேட்டை போலாமா?

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். பின் பெஞ்ச்சுல ஒருத்தன் மெதுவா காதைக் கடிப்பான். "மச்சி, இந்த சனி, ஞாயிறு எங்கயாச்சும் போலாமா?" அவ்ளோதான்! கொடைக்கானல், பாண்டிச்சேரி, மூணாறுன்னு லிஸ்ட் நீளும். அஞ்சே நிமிஷத்துல ஏழெட்டுப் பேர் சேர்ந்துடுவாங்க. அந்தக் கும்பல்ல ஒருத்தன் மட்டும் நோட்டைப் பையில போட்டுக்கிட்டு, "வீட்ல ஒரு விசேஷம்டா, நீங்க போயிட்டு வாங்க"ன்னு கிளம்புவான்.

கவனிச்சிருக்கீங்களா பாஸ்?

நான் கவனிக்கல. ரெண்டு வருஷம் கவனிக்கவே இல்ல. பாண்டிச்சேரி போயிட்டு திங்கட்கிழமை விடியற்காலையில ஹாஸ்டலுக்கு வந்தா, "அக்கா வீட்டு விசேஷத்துக்குப் போறேன்"னு சொன்ன என் ரூம்மேட் கட்டில்ல படுத்திருந்தான். ஊருக்கே போகலையாம். அந்த ரெண்டு நாளும் மெஸ் லீவு. டீயும் பன்னும்தான் சாப்பாடுன்னு ஒரு ஜூனியர் பையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இதுல என் பங்கும் இருக்கு. கிளம்பறதுக்கு முந்தின நாள், எல்லார் முன்னாடியும், "காசுதானே பிரச்னை? நான் போட்டுக்கறேன், வாடா!"ன்னு சத்தமா சொல்லியிருந்தேன். பெரிய மனசுன்னு நினைப்பு! அவன் முகம் சுருங்கினது எனக்கு அப்போ தெரியல. அப்புறம்தான் உறைச்சுது. ஸாரி கேட்டா, "விடுடா, அதெல்லாம் ஒண்ணுமில்ல"ன்னுட்டான். ஒண்ணுமில்லன்னு சொன்னா, ஏதோ இருக்குன்னுதானே அர்த்தம்?

அதனால இந்தத் தடவை பிளானைத் தலைகீழா மாத்தினோம். போற இடத்தை முடிவு பண்ணிட்டு காசு சேர்க்கல. முதல்ல காசு, அப்புறம்தான் ஊர். "உன்னால கஷ்டமில்லாம எவ்ளோ எடுக்க முடியும்?"னு தனியா இருக்கும்போது கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சு, "எண்ணூறு"ன்னான். நானும் எண்ணூறு. மொத்தம் 1,600 ரூபாய். ஒரே பர்ஸ். அந்தப் பர்ஸ் அவன்கிட்ட. நான் தனியா பத்து பைசா எடுத்து வரக்கூடாது, ஜிபேயையும் தொடக்கூடாது. இதான் கண்டிஷன்!

"1,600 ரூபாய்ல ரெண்டு பேர் எங்கடா போறது?"ன்னு கேட்டேன். சிரிச்சான். "முத்துப்பேட்டை."

பக்கத்துல இருக்கறது கண்ணுக்குத் தெரியாது

தஞ்சாவூர்லேருந்து 70, 80 கிலோமீட்டர்தாங்க. பட்டுக்கோட்டை வழியாவும் போகலாம், மன்னார்குடி வழியாவும் போகலாம். ரயில்ல வர்றவங்களுக்கு திருவாரூர் - காரைக்குடி பாதையில முத்துப்பேட்டை ஸ்டேஷன் இருக்கு. மீட்டர் கேஜ் எடுத்தப்புறம் வருஷக்கணக்கா ரயில் இல்லாம கிடந்த பாதை அது. 2019ல அகலப்பாதையா திரும்ப வந்துச்சு. ரயில் குறைவுதான், அட்டவணை பார்த்துட்டுக் கிளம்புங்க.

காவிரி கடைசியா கடலைத் தொடற மூலை இது. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறுன்னு டெல்டா முழுக்கப் பாய்ஞ்சு வந்த கிளை ஆறுகள் எல்லாம் இங்க ஒரு காயல்ல வந்து கலக்குது. ஊர்க்காரங்க அதை 'லகூன்'னே சொல்றாங்க. அதைச் சுத்தி சுமார் 12,000 ஹெக்டேர் பரப்புக்கு ஆறு, காயல், சேறு, அலையாத்திக் காடு. 2002ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த கோடியக்கரை ஈரநிலத்துல இதுவும் ஒரு பகுதி. மூணு வருஷமா தஞ்சாவூர்ல படிக்கிறேன், இதை நான் பார்த்ததே இல்லைன்னா பாருங்களேன்!

சனிக்கிழமை... செலவே இல்லாத சாயங்காலம்

போன தை மாசம், பொங்கல் முடிஞ்ச ரெண்டாவது வாரம். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் சம்பா அறுப்பு. கதிர் அறுக்கற மெஷின் ஒரு பக்கம், வைக்கோல் கட்டற மெஷின் ஒரு பக்கம். பஸ் ஜன்னல் வழியா புது வைக்கோல் வாசனை. ஏசி பஸ்ல போனா இதெல்லாம் கிடைக்குமா?

தங்கறதுக்கு? லாட்ஜ் எடுத்தா அங்கயே பாதிப் பர்ஸ் காலி. மன்னார்குடியில நண்பனோட அத்தை வீடு. "வாங்க தம்பி, கை காலைக் கழுவுங்க"ன்னு சொன்ன அடுத்த நிமிஷம் இலை போட்டாச்சு. கருவாட்டுக் குழம்பும் சுடுசோறும்! எதையும் சும்மா வாங்கிக்கத் தயங்கற பையன் இங்க என்னைக் கவனிச்ச அழகைப் பார்க்கணுமே. "நல்லா போட்டுச் சாப்பிடுடா"ன்னு அவன்தான் அதட்டினான்.

சாயங்காலம் ராஜகோபாலசுவாமி கோயில். அப்புறம் ஹரித்ரா நதி. பேர்தான் நதி, நிஜத்துல குளம். 20 ஏக்கருக்கு மேல இருக்கும், நடுவுல ஒரு கோயில். படிக்கட்டுல உட்கார்ந்தா காத்து சும்மா அள்ளுது. அங்கதான் அவன் முதல் தடவையா அவன் வீட்டுக் கதையைச் சொன்னான். அவங்க அப்பாவுக்கு முத்துப்பேட்டை பக்கம் தென்னந்தோப்பு இருந்துச்சாம். 2018 நவம்பர் 16, கஜா புயல். ஒரே ராத்திரியில தோப்பு மொத்தமும் சாஞ்சுடுச்சு. நட்ட தென்னங்கன்னு காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வீட்டுக்கு வருமானம்? கூலி வேலைதான். "அதான்டா எண்ணூறு"ன்னான்.

ரெண்டு வருஷம் ஒரே ரூம்ல இருந்தும் இது எனக்குத் தெரியாது. நான் கேட்டதே இல்லையே!

ஞாயிறு... படகு கிடைச்ச கதை

விடியக்காலை முத்துப்பேட்டை பஸ். இறங்கி டீ, வடை. அங்கேருந்து ஆட்டோவுல ஜாம்பவானோடை. முதல்ல தர்கா. ஹக்கீம் ஷேக் தாவூது ஆண்டவர் அடங்கியிருக்கற இடம். எல்லா மதத்துக்காரங்களும் வர்றாங்க, உடம்பு சரியில்லாதவங்களும் வந்து தங்கறாங்க. தலையில கர்ச்சீப் கட்டிக்கிட்டு அமைதியா நின்னுட்டு வந்தோம்.

அடுத்து வனத்துறை படகுத்துறை. அங்கதான் சிக்கல். நாங்க போன அன்னிக்கு வாடகை தலைக்கு இல்ல, படகுக்கு! ரெண்டு பேர் தனியா எடுத்தா எங்க பர்ஸே காலி. நாலைஞ்சு பேரா வந்தா பிரச்னையில்ல, ரெண்டு பேர்னா உதைக்குது.

சத்தியமா சொல்றேன், என் நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு: "நான் ஜிபே பண்ணிடறேன், அப்புறம் பார்த்துக்கலாம்." பாண்டிச்சேரிக்கு முன்னாடி சொன்ன அதே வசனம்! பல்லைக் கடிச்சுக்கிட்டு வாயை மூடிக்கிட்டேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, "கொஞ்சம் இரு"ன்னு போனான்.

திருத்துறைப்பூண்டியிலேருந்து ஒரு குடும்பம் வந்திருந்தாங்க, ஆறு பேர். "அண்ணே, நாங்க ரெண்டு பேர் இருக்கோம். சேர்ந்து எடுத்தா உங்களுக்கும் குறையும்"னு பேசினான். அஞ்சு நிமிஷம்கூட ஆகல. "ஏறுங்க தம்பி"ன்னுட்டாரு. எங்க பங்கு 400 ரூபாய். காசு இருந்தா இப்படிப் பேசிப் பார்க்கணும்னு எனக்குத் தோணியே இருக்காது.

மூச்சு விடற வேர்

லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு கோரையாத்துல படகு கிளம்புது. ரெண்டு பக்கமும் பச்சைச் சுவர் மாதிரி காடு. சேத்துல பென்சில் குத்தி வெச்ச மாதிரி ஆயிரக்கணக்குல நீட்டிக்கிட்டு இருக்கே, அதெல்லாம் மூச்சு வேர். சேத்துக்குள்ள காத்து இல்லாததால, அலையாத்தி தன்னோட வேரை மேல அனுப்பி மூச்சு விடுது. உப்புத் தண்ணியைக் குடிச்சுட்டு, மிச்ச உப்பை இலை வழியா வெளிய தள்ளுது. இலையைத் தடவி விரலை நாக்குல வெச்சுப் பார்த்தேன். நிஜமாவே உப்பு! ஆனா எல்லாச் செடியிலயும் இந்த விளையாட்டு வேணாம். தில்லை மரமும் இங்க உண்டு, அதோட பால் கண்ணுல பட்டா ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்ததே இந்த மரத்தாலதான்.

ஆறு முடிஞ்சு காயல் திறக்கற இடத்துல எல்லாரும் பேச்சை நிறுத்திட்டோம். கண்ணுக்கெட்டின தூரம் தண்ணி. தூரத்துல பூநாரைக் கூட்டம். ஆழம் ரொம்பக் கம்மி, அதனால ஓதம் பார்த்துத்தான் படகு ஓட்டணும்னு அந்த அண்ணன் சொன்னாரு.

இந்தக் காடு ஒரு தடவை பாதி செத்துப்போன காடு. பிரிட்டிஷ் காலத்துல பகுதி பகுதியா மொத்தமா வெட்டினாங்க. நிழல் போனதும் மண்ணு காஞ்சு, இறங்கி, தாம்பாளம் மாதிரி பள்ளமாயிடுச்சு. உள்ள வந்த கடல் தண்ணிக்கு வெளிய போக வழியில்ல. தேங்கி வத்தி, உப்பு ஏறி, அலையாத்தியே முளைக்க முடியாத மண்ணாயிடுச்சு. 1990கள்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினாங்க. நடுவுல ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா கிளை வாய்க்கால். அச்சு அசல் மீன் முள்ளு! ஓதத் தண்ணி வந்து போக ஆரம்பிச்சுது, உப்பு குறைஞ்சுது, கன்னு பிடிச்சுது. கூகுள் மேப்ல சாட்டிலைட் படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க, அந்த மீன் முள்ளு இப்பவும் தெரியும்.

2004 சுனாமியப்போ அலையோட வேகத்தை இந்தக் காடு தணிச்சுதுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. கஜாவுக்கு இதுவும் அடி வாங்கிச்சு. காஞ்சு நிக்கற மரங்களுக்கு நடுவுல இளம் பச்சை தெரிஞ்சுது. நண்பன் அதையே பார்த்துக்கிட்டு வந்தான். "எங்க தோப்புலயும் ஒண்ணு ரெண்டு பாளை விட ஆரம்பிச்சிருக்குடா"ன்னான். அவ்ளோதான் சொன்னான். எனக்குத் தொண்டை அடைச்சுது.

கணக்கு முடிச்சாச்சு!

மதியம் முத்துப்பேட்டை கடைத்தெருவுல இறால் வறுவலோட சாப்பாடு. அத்தைக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட். ராத்திரி தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுல அவன் கணக்கு நோட்டை எடுத்தான். பஸ், ஆட்டோ 430. சாப்பாடு, டீ 520. படகு 400. ஸ்வீட் 110. ஆக மொத்தம் 1,460. மிச்சம் 140. அதை ரெண்டாப் பிரிச்சு, எனக்கு எழுபது ரூபாயை நீட்டினான். "நீயே வெச்சுக்கோ"ன்னு சொல்ல வந்து, சொல்லாம வாங்கிக்கிட்டேன். அந்த எழுபது ரூபாயை வாங்கினதுதான் அந்த ரெண்டு நாள்ல நான் செஞ்ச உருப்படியான காரியம்.

நீங்க கிளம்பறதா இருந்தா, சில டிப்ஸ்:

* பறவை பார்க்கணும்னா நவம்பர்லேருந்து பிப்ரவரி வரை நல்ல சீசன். ஆனா ஐப்பசி, கார்த்திகையில புயல், மழை எச்சரிக்கை பார்த்துட்டுப் போங்க.
* வனத்துறை அனுமதி, படகு நேரம், வாடகை எல்லாத்தையும் முன்கூட்டியே விசாரிச்சுடுங்க. காலையிலயே போறது பெஸ்ட்.
* காயல்ல கடை கிடையாது. தண்ணி, தொப்பி கையோட. கொண்டு போன பாட்டில், கவர் எல்லாம் உங்களோடவே திரும்பி வரணும்.
* லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டி செல்ஃபி எடுக்கற வீரம் வேண்டவே வேண்டாம்.
* கடைசியா, ரொம்ப முக்கியம். கும்பல்ல யார்கிட்ட காசு கம்மியோ, அவங்க சொல்ற தொகைதான் பட்ஜெட். அதையும் நாலு பேர் முன்னாடி கேட்காதீங்க, தனியா கேளுங்க.

கையில காசு இருக்கறவனுக்கு "நான் போட்டுக்கறேன்"னு சொல்றது ஈஸி பாஸ். அவனால முடிஞ்சதுக்கு நாம இறங்கி வர்றதுதான் கஷ்டம். ஆனா அப்படி இறங்கினா உங்க ஃபிரெண்ட் உங்க பக்கத்து சீட்டுல உட்கார்ந்து வருவான். ஹாஸ்டல்ல தனியா பன் சாப்பிட்டுக்கிட்டு இருக்க மாட்டான்.

வர்ற வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல டூர் பேச்சு வரும்ல? அப்போ சத்தம் போடறவங்களைப் பார்க்காதீங்க. நோட்டை எடுத்துப் பையில வைக்கறது யாருன்னு பாருங்க.

அடுத்த வாரம் பார்க்கலாமா? டாட்டா!